எந்தக் கோப்பையில்

"சிரிக்காதே. அவங்க சிரிச்சாலும் நீ சிரிக்காதே. ஏதாவது சொல்லணும்னா இப்படி, உதட்டை லேசா மட்டும் திறந்து சொல்லு."

மாமியார் நிலைக்கண்ணாடியின் முன்னால் நின்று, சூடான பாலை ஊதிக் குடிக்கிறவளைப் போல உதட்டைக் குவித்துப் பேசிக் காட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த மகள் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்தில் முதன்முதலாகப் படம் பிடித்த நாளிலிருந்து இந்தப் பாடத்தை அவள் கேட்டு வருகிறாள். முன்பல் இரண்டும் எத்திக்கொண்டிருக்கும். உடம்பு பருமன். இடது கன்னத்தில் கருமங்கு படர்ந்திருந்தது. இவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

"இப்படிப் பேசினா அவங்களுக்குப் புரியுமாம்மா?"

"புரியாட்டி போகட்டும். பாக்க நல்லா இருக்கும்."

அறை வாசலில் அந்த வீட்டு மருமகள் வேலைக்குக் கிளம்பி, கைப்பையோடு நின்றிருந்தாள். மாமியார் அவள் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினாள். "உங்க அண்ணிகிட்ட அந்த உதட்டுச் சாயத்தைக் கேளு. நல்லதெல்லாம் அவகிட்டதானே இருக்கு."

அந்த வீட்டில் அவளுக்கு அண்ணி என்பதே பெயராகிவிட்டது. நாத்தனார் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கட்டிய கணவனே எப்போதாவது வாய் தவறி "அண்ணி எங்கே?" என்று கேட்பான். அண்ணி பையைத் திறந்து சாயக் குப்பியைக் கொடுத்தாள்.

"பூசினதுக்கப்புறம் எதையும் குடிக்காதே," என்றாள் மாமியார் மகளிடம். "தண்ணி கூட வேண்டாம். சாயம் பல்லுல ஒட்டும். அப்புறம் அங்கேதான் எல்லார் கண்ணும் போகும்."

"சரிம்மா."

"யாராவது காபி கொடுத்தாலும் வேண்டாம்னுடு."

அண்ணியின் முகம் மாறியது. அதைக் கண்ணாடியில் மாமியார் பார்த்துவிட்டாள். பார்த்தால் சும்மா இருக்கிறவளா?

"ஏன், உனக்கு என்ன வந்துச்சு? அவ கிளம்பறது இன்னும் பிடிக்கலையா? உன் ஆபீஸ்லதான் அவ படிப்புக்கு ஏத்த வேலை காலியா இருந்திருக்கு. ஒரு வார்த்தை சொன்னியா? விளம்பரத்தைப் பாத்து நாங்களா தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு. மனு போடறேன்னு அவ சொன்னப்ப, 'வேண்டாம், அந்த இடம் உனக்குச் சரிப்படாது'ன்னே. ஏன் சரிப்படாது? வாசல்ல உக்காந்து போன் எடுக்கறவளுக்கு, நாத்தனார் உள்ள அறைக்குப் போயிட்டா பொறுக்காது. அதானே?"

"அம்மா, விடுங்க," என்றாள் மகள்.

கணவன் குளியலறையில் இருந்தான். வீட்டில் இப்படிப்பட்ட பேச்சு எழும்போதெல்லாம் அவனுக்குக் குளிக்கத் தோன்றும்.

அண்ணியிடம் பதில் இருந்தது. அதைச் சொன்னால், தினமும் மடிப்புக் கலையாத உடையும் மலர்ந்த சிரிப்புமாகத் தான் போய்ச் செய்துவிட்டு வருகிற வேலை என்ன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு வாய் வரவில்லை. பொறாமைக்காரி என்ற பட்டத்தோடு இரண்டு வாரமாக மென்று முழுங்கிக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் வாசல் வரை கூடவே வந்தாள். "அங்கே நம்ம உறவைக் காட்டிக்க வேண்டாம் அண்ணி. நீங்க சொன்னீங்கன்னுதான் எடுத்தாங்கன்னு பேர் வேண்டாம். நான் தெரியாத ஆள் மாதிரியே வந்துட்டுப் போயிடறேன்." கொஞ்சம் நின்று, காலணியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இதுதான் கடைசி. இதுவும் இல்லேன்னா இனிமே எங்கேயும் போக மாட்டேன். அம்மா பூசறதையும் வழிக்கறதையும் என்னால தாங்க முடியல. வீட்டோடயே இருந்துடறேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் அல்ல என்பது அண்ணிக்குத் தெரியும்.

எந்த லாரி எந்தச் சரக்கை ஏற்றிக்கொண்டு எந்த வழியாகப் போய், காலியாகத் திரும்பாமல் வேறு எதை ஏற்றிக்கொண்டு வர வேண்டும் என்று வகுத்துக் கொடுப்பதுதான் நாத்தனாரின் தொழில். ஒரு லாரிக் கொட்டகையில் பல வருஷம் அதைச் செய்தாள். முதலாளிக்கு வயதாகி, வண்டிகளை விற்றுவிட்டு ஓய்ந்து போனார். அதன் பிறகு அவள் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. மனுவைப் பார்த்து ஓடோடி வந்து கூப்பிட்டவர்கள், ஆளைப் பார்த்ததும் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். அந்த வேலை நாலு சுவருக்குள் ஒரு திரையின் முன்னால் உட்கார்ந்து செய்கிற வேலை. அந்த முகத்தைப் பார்க்கப் போகிறவை லாரிகளின் எண்கள்தான். எண்கள் இதுவரை எந்தப் புகாரும் சொன்னதில்லை.

அண்ணி வேலை பார்த்த நிறுவனத்துக்குப் பெரிய பெரிய கிடங்குகள் இருந்தன. அவற்றுக்கு நடுவில் கண்ணாடிச் சுவரும் பளிங்குத் தரையுமாக ஓர் அலுவலகம். அதன் முன்மேசைதான் அண்ணியின் இடம். அந்த வேலைக்கு அவளை எடுத்த கதையும் சொல்லத் தக்கதுதான். அன்றைக்கு அவளை ஜன்னல் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னார்கள். வெளிச்சத்தில் பார்த்தார்கள். எழுந்து அந்தக் கதவு வரை நடந்துவிட்டு வரச் சொன்னார்கள். "போன் எடுக்கத் தெரியுமா?" என்று கேட்டார்கள். தெரியும் என்றாள். முடிந்தது. ஒரு மேசையை வாங்குவதற்குக்கூட அவர்கள் இழுப்பறையைத் திறந்து பார்த்திருப்பார்கள்.

வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே மேனேஜர் அவளைக் காபி இயந்திரம் இருக்கிற மூலைக்கு அழைத்துக்கொண்டு போனார். ஆள் எடுப்பது அவர் பொறுப்பு. அலமாரியில் மேல்தட்டில் வெள்ளைப் பீங்கான் கோப்பைகளும், கீழ்த்தட்டில் பழுப்புக் காகிதக் கோப்பைகளும் இருந்தன.

"நேர்காணலுக்கு வர்றவங்களுக்குக் காபி கொடுக்கணும், அது நம்ம மரியாதை," என்றார். "பாக்க லட்சணமா, பளிச்சுனு இருக்கறவங்களுக்கு மேல்தட்டு. மத்தவங்களுக்குக் கீழ்த்தட்டு. பாதி குடிக்கும்போதே உள்ள அனுப்பிடு. கோப்பை கையில இருக்கணும்."

"எதுக்கு சார்?"

"பீங்கானை எல்லாருக்கும் கொடுத்தா கழுவி மாளாது. சிக்கனம்மா, சிக்கனம்."

அவள் முட்டாள் அல்ல. சிக்கனத்தின் லட்சணம் சில நாளிலேயே தெரிந்துவிட்டது. பீங்கானோடு உள்ளே போனவர்களிடம், எதிர்காலத்தில் என்ன ஆக விரும்புகிறீர்கள், உங்களை எது உற்சாகப்படுத்துகிறது என்றெல்லாம் கேட்டுச் சிரித்துப் பேசி, ஆற அமர அனுப்பினார்கள். காகிதத்தோடு போனவர்கள் காபி ஆறுவதற்குள் வெளியே வந்தார்கள். அவர்களிடமும் மரியாதையாகத்தான் பேசினார்கள். மரியாதையில் அந்த நிறுவனத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

அடையாளம் யாருக்காக என்பது பிறகுதான் புரிந்தது. நிறுவனத்தின் தலைவரை எல்லோரும் பெரியவர் என்பார்கள். முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஆளை எடை போட்டுவிடுவேன் என்பது பெரியவரின் பெருமை. எந்த விழாவில் பேசினாலும் அதைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்க மாட்டார். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. ஒரு மழைநாளில், வாசலில் மாட்டியிருந்த மழைக்கோட்டைப் பார்த்து "என்ன, சௌக்கியமா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். கோட்டு பதில் சொல்லவில்லை என்று அவருக்கு வருத்தமும் உண்டு. மூக்குக்கண்ணாடி வாங்கி வைத்திருந்தார். ஆனால் அதைப் போட்டால் தாம் ஒரு குமாஸ்தா மாதிரித் தெரிவதாக அவர் நினைத்ததால், கதவைச் சாத்திக்கொண்டு கையெழுத்துப் போடும்போது மட்டும் அது மூக்கில் ஏறும். எதிரே வந்து உட்காருகிறவரின் முகம் அவருக்கு ஒரு மங்கலான உருண்டை. வெள்ளைப் பீங்கான் மட்டும் எட்டத்தில் வரும்போதே தெரியும்.

ஆக, முகம் பார்த்து எடை போடுகிறவருக்கு முகம் தெரியாது. அவருக்காக அண்ணி பார்த்தாள். அண்ணி பார்த்ததைக் கோப்பை சொன்னது. கோப்பை சொன்னதைப் பெரியவர் நாளடைவில் தம் ஞானம் என்றே நம்பிவிட்டார். இத்தனை வருஷத்தில் எத்தனை பேருடைய பிழைப்பு அந்த இரண்டு தட்டுகளுக்கு நடுவில் விழுந்து நசுங்கியது என்று அவள் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணினால் மறுநாள் வேலைக்கு வர முடியாது என்பதால் எண்ணவில்லை.

அன்று நேர்காணலுக்கு மூன்று பேர் வந்தார்கள். முதலில் புதுக் கோட்டுப் போட்ட ஓர் இளைஞன். நல்ல உயரம், விளம்பரப் பலகையிலிருந்து இறங்கி வந்தவனைப் போல இருந்தான். இரண்டாமவர் நடுவயதுக்காரர், முகத்தில் பாதி தேமல். வந்ததும் வெளிச்சம் படாத மூலையாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். எங்கே உட்கார வேண்டும் என்று உலகம் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. மூன்றாவதாக நாத்தனார் வந்தாள். அம்மா பூசிவிட்ட பவுடர் மங்கின்மேல் சாம்பல் பூத்திருந்தது. அண்ணியைப் பார்த்து, முன்பின் தெரியாதவள் மாதிரித் தலையை ஆட்டினாள். வாயைத் திறக்கவில்லை.

இளைஞனுக்குப் பீங்கான் போயிற்று. அவன் உள்ளே போய் வெகுநேரம் இருந்தான். பெரியவரின் சிரிப்பு கதவைத் தாண்டி வந்தது. வெளியே வந்தவன் கோப்பையை முன்மேசையில் வைத்துவிட்டு, "இந்த வேலைக்கு லாரி பத்தியெல்லாம் தெரிஞ்சிருக்கணுமா?" என்று அண்ணியிடம் மெதுவாகக் கேட்டான்.

"உள்ள கேக்கலையா?"

"இல்ல. எந்த விளையாட்டு பிடிக்கும்னு கேட்டாங்க."

தேமல் முகத்துக்காரருக்குக் காகிதம் போயிற்று. போன சூட்டில் திரும்பி வந்தார். கோப்பையில் காபி அப்படியே இருந்தது. அதை எங்கே போடுவது என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்து, கடைசியில் கையோடு எடுத்துக்கொண்டே தெருவில் இறங்கினார். நாத்தனார் அவர் கையைப் பார்த்தாள். பிறகு முன்மேசையில் இருந்த வெள்ளைக் கோப்பையைப் பார்த்தாள். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பழகிய கண்கள் அவை.

அண்ணி காபி மூலைக்குப் போனாள். இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினாள். அப்போதுதான் தன் கையைக் கவனித்தாள். கையில் காகிதக் கோப்பை இருந்தது. அவள் யோசிக்கவில்லை, தயங்கவில்லை, கை தானாகக் கீழ்த்தட்டுக்குப் போய் எடுத்திருந்தது. கூடப் பிறக்காத குறையாக ஒரே வீட்டில் இருந்து, தான் காய்ச்சலில் கிடந்தபோது இரவெல்லாம் நெற்றியில் ஈரத்துணி போட்டவளை, அந்தக் கை ஒரு நொடியில் கீழே தள்ளிவிட்டது. அண்ணிக்கு உடம்பு கூசிப்போனது. வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது.

"எனக்குக் காபி வேண்டாங்க," என்று பின்னாலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. உதட்டைக் குவித்துப் பேசியதால் குரல் வேறு யாருடையதோ போல் இருந்தது.

அண்ணிக்குத் தலை தப்பியது போல் ஆயிற்று. இப்படி நிம்மதிப்படுகிறோமே என்று அடுத்த கணமே தன்மேல் ஆத்திரம் வந்தது. நாத்தனார் வெறுங்கையோடு உள்ளே போனாள்.

வெறுங்கையோடு யாரும் உள்ளே போனதே இல்லை. காபி குடிக்காதவர்களுக்குக்கூடத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்து அனுப்புவது அண்ணியின் பழக்கம். இன்றைக்கு அதுவும் விட்டுப்போனது. கதவுக்கு உள்ளே மேனேஜர் கேள்வி கேட்பதும் நாத்தனார் பதில் சொல்வதும் கேட்டன. முதலில் ஊதுகிற குரலில் சொன்னாள். போகப் போக உதடு தன் இஷ்டத்துக்குத் திறந்துகொண்டது. மலைப்பாதை அடைபட்டால் வண்டிகளை எப்படித் திருப்புவது, குளிரூட்டிய சரக்கை எங்கே மாற்றி ஏற்றுவது என்று அவள் பேசப் பேச, மேனேஜர் தம் பட்டியலில் இல்லாத கேள்விகளைக் கேட்க ஆரம்பித்திருந்தார். பெரியவரின் குரல் மட்டும் கேட்கவே இல்லை.

முன்மேசைத் தொலைபேசி ஒலித்தது. பெரியவர்தான். காதில் வைத்துப் பேசினால் தலைமுடி கலையும் என்று அவர் எப்போதும் ஒலிபெருக்கியிலேதான் பேசுவார். இருக்கிற முடி கொஞ்சம்தான், அதனால் அதில் கவனம் அதிகம்.

"ஏம்மா, இவங்களுக்குக் காபி கொடுக்கலையா?"

"வேண்டாம்னுட்டாங்க சார்."

"அது சரி. கொடுத்திருந்தா எதுல கொடுத்திருப்பே?"

அண்ணி கதவைப் பார்த்தாள். அந்த அறையில் நாத்தனார் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். தான் சொல்லப் போகிற ஒரு சொல் அந்த அறை முழுக்க ஒலிக்கும். இத்தனை வருஷம் அந்தச் சொல்லைச் சொல்ல வாய் தேவைப்பட்டதில்லை, கை போதுமாக இருந்தது.

"சொல்லும்மா. எதுல?"

"அவங்க உங்க எதிர்லதானே சார் உக்காந்திருக்காங்க," என்றாள் அண்ணி. "நீங்களே பாத்துக்கலாமே."

பெரியவர் இணைப்பைத் துண்டித்தார். அடுத்த நிமிஷம் மேனேஜர் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார். முகம் கடுகடு என்று இருந்தது.

"என்னம்மா பேச்சு இது? அவர்கிட்டப் போய்ப் பாத்துக்கங்கன்னு சொல்றே? அவரால முடிஞ்சா உன்னை எதுக்கு இங்க வச்சிருக்கோம்?"

"சார், உள்ள இருக்கறது என் நாத்தனார்."

மேனேஜர் வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு, ஆச்சரியம், அவர் முகம் மலர்ந்தது. தலையில் லேசாக அடித்துக்கொண்டார்.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? பீங்கான்லயே கொடுத்திருக்கலாமே! நம்ம வீட்டு ஆளுன்னா யாரு என்ன சொல்லப் போறாங்க?"

அண்ணி அவரையே பார்த்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார். "விஷயம் தெரிஞ்ச பொண்ணும்மா. நிஜமா சொல்றேன், மூணு பேர்லயும் இவங்களுக்குத்தான் வேலை தெரியும். எடுத்தா என் தலைவலி பாதி குறையும்."

"அப்போ எடுத்துக்கங்க சார்."

"எடுத்துக்கலாம். ஆனா பெரியவர் கண்ணுக்கு ஒண்ணு தெரியணும்ல? நானா ஒருத்தரை நல்லவங்கன்னு சொன்னா, எனக்கு ஆள் பாக்கத் தெரியுமான்னு கேப்பாரு. ஒண்ணு பண்ணு. மறந்துட்டேன்னு சொல்லிட்டு ஒரு பீங்கான் கோப்பையைக் கொண்டுவந்து அவங்க முன்னாடி வை. வச்சா முடிஞ்சுது. அவரு 'பாத்ததுமே நினைச்சேன்'னுவாரு. நாளைக்கே வரச் சொல்லிடலாம்." கதவைத் திறக்கப் போனவர் திரும்பினார். "இதெல்லாம் வெளிய பேசிக்க வேண்டாம், என்ன?"

மூன்று பேரில் யாருக்கு வேலை தெரியும் என்று தெரிந்த ஆள்! அதைச் சொல்ல வாயில்லாமல், ஒரு கோப்பையை அனுப்பிச் சொல்லச் சொல்கிறார். இவரைப் படிக்க வைத்தார்கள், பட்டம் கொடுத்தார்கள், ஆள் எடுக்கும் பொறுப்பையும் கொடுத்திருக்கிறார்கள்.

அண்ணி காபி மூலையில் நின்றாள். ஒரு கோப்பை. அதை வைத்தால் நாத்தனாருக்கு வேலை. மாமியார் வாய் அடங்கும். நாத்தனார் வீட்டோடு முடங்க மாட்டாள். தேமல் முகத்துக்காரர்? அவர் போய்விட்டார். இனி வரப்போகிறவர்கள்? அவர்கள் யாரோ. தன் வீட்டுப் பெண்ணை மேல்தட்டில் ஏற்றிவிட்டால், கீழ்த்தட்டைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை. உலகத்தில் எல்லோரும் அப்படித்தானே பிழைக்கிறார்கள் என்று நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் மேல்தட்டுக்குக் கையை நீட்டிப் பீங்கானை எடுத்தாள். நாத்தனாரின் வாழ்க்கையை வைத்துத் தான் நல்லவளாகக் கூடாது என்று எடுத்தாள்.

உள்ளே பெரியவர் நாற்காலியில் சாய்ந்து, நாத்தனாரின் தோளுக்குச் சற்று மேலே, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் கண்ணால் சைகை காட்டினார். அண்ணி கோப்பையை நாத்தனாரின் முன்னால் வைத்தாள்.

"மன்னிக்கணும் சார். மறந்துட்டேன்."

பெரியவரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. வெள்ளைப் பீங்கானைக் கண்டதும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். "ஆ!" என்றார். "நான் அப்பவே நினைச்சேன். உள்ள வந்ததுமே ஒரு களை தெரிஞ்சுது. முகத்துலயே எழுதியிருக்கு, என்ன மேனேஜர்?"

"ஆமா சார்," என்றார் மேனேஜர்.

நாத்தனார் கோப்பையைத் தொடவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொலைபேசியில் கேட்ட கேள்வி, கையோடு தெருவில் இறங்கிய காகிதம், முன்மேசையில் இருந்த வெள்ளை, எல்லாம் அவளுக்குப் பொருந்தி வந்தன. பிறகு தலையை நிமிர்த்தினாள்.

"அண்ணி," என்று கூப்பிட்டாள். அந்த அறையில், எல்லோர் முன்னாலும், வாய் நிறையக் கூப்பிட்டாள். "நான் உங்களுக்கு யாருமே இல்லேன்னா, எனக்கு எதுல வந்திருக்கும்?"

மேனேஜர் தொண்டையைச் செருமினார். பெரியவர் யார் பேசுகிறார்கள் என்று தலையை இங்கும் அங்கும் திருப்பினார்.

பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம்தான். இதிலேயேதான் என்று சொல்லிவிட்டு வெளியே வந்திருக்கலாம். ஆனால் நாத்தனார் கேட்ட விதத்தில் கோபம் இல்லை. சரியான வழி எது என்று டிரைவரிடம் கேட்பது போலக் கேட்டாள். அவளிடம் பொய் சொல்ல அண்ணியால் முடியவில்லை.

"காகிதத்துலதான்," என்றாள். "நீ யாருன்னு தெரிஞ்சும் என் கை அதுக்குத்தான் போச்சு."

நாத்தனாரின் கண்கள் கலங்கின. அது கொஞ்ச நேரம்தான். இரண்டு விரலால் பீங்கானை மேசையின் நடுவுக்குத் தள்ளிவைத்தாள்.

"அப்போ எனக்கு அதுலயே கொண்டு வாங்க அண்ணி. அதுல குடிக்கறவளுக்கு வேலை உண்டா இல்லையான்னு இவங்க சொல்லட்டும். இதுல குடிச்சுட்டு இங்க வந்தா, நாளைக்கு உங்க மேசையைத் தாண்டி உள்ள வரும்போதெல்லாம் வெளியில உக்காந்திருக்கறவங்க கையைப் பாக்க எனக்குத் தைரியம் வராது."

"என்னம்மா நடக்குது இங்க?" என்றார் பெரியவர். அவர் கண்கள் பீங்கானைத் தேடின. அது யாருக்கும் முன்னால் இல்லாமல் மேசை நடுவில் இருந்தது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஒண்ணுமில்ல சார்," என்றார் மேனேஜர். "காபி கொஞ்சம்..."

அண்ணி வெளியே போனாள். கீழ்த்தட்டிலிருந்து இரண்டு காகிதக் கோப்பைகளை எடுத்து, இரண்டிலும் காபி பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். ஒன்றை நாத்தனாரிடம் கொடுத்தாள். நாத்தனார் அதை வாங்கி, உதட்டுச் சாயத்தைப் பற்றிக் கவலைப்படாமல் ஒரு வாய் குடித்தாள். மற்றொன்றை அண்ணி பெரியவரின் முன்னால் வைத்தாள்.

அவர் பழக்கப்படி கையை நீட்டி எடுத்தார். பீங்கானின் கனம் கையில் தட்டுப்படவில்லை. விரல்களுக்கு நடுவில் காகிதம் நெளிந்தது. அந்த நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து அவர் கைக்கு அப்படி ஒன்று வந்ததில்லை. வழுக்கைத் தலை சிவந்தது. தொங்கிய தாடை ஆடியது. தோல் வெளுத்துப் பை கட்டிய கண்கள் அண்ணி நின்ற திசையை ஏறக்குறையக் கண்டுபிடித்தன.

"இது என்ன?"

"உங்களுக்குத்தான் சார்," என்றாள் அண்ணி. "நல்லாப் பாத்துட்டுத்தான் கொடுத்திருக்கேன்."

பதிலுக்குக் காத்திராமல் முன்மேசைக்குப் போய்க் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, நாத்தனார் வெளியே வரும்வரை வாசலில் நின்றாள்.